டிராகன் என்ன தின்னும், எங்கே முட்டையிடும், எப்படிச் சாகும்? (கதைக்காகக் கேட்கிறேன்)

1. மலைமேல்மழை

வணக்கம். மூன்று வருடமாக ஒரு மிகைபுனைவு நாவலை எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். களம் நடுக்கடலில் ஒரு எரிமலைத் தீவுக்கூட்டம். ஒன்பது தீவு, இரண்டு அரசு, நிறைய மீனவர்கள். டிராகன்கள் உண்டு. யானை கனம், ஐந்து டன் என்று வைத்திருக்கிறேன். பறக்கும், நெருப்பு துப்பும், 300 வருடம் வாழும், அரசன் ஏறி உட்கார்ந்து சண்டைக்குப் போவான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அக்கா பையன் (ஒன்பதாவது படிக்கிறான்) கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு, "மாமா, இது தினமும் என்ன சாப்பிடும்?" என்றான். "ஆடு" என்றேன். "அந்தத் தீவில் எத்தனை ஆடு இருக்கு?" என்றான். அன்றிலிருந்து ஒரு வரி நகரவில்லை.

உயிரியல் தெரிந்தவர்கள் உதவ வேண்டும். டிராகனின் பிறப்பு முதல் சாவு வரை, உடம்பு எப்படி வேலை செய்யும் என்பது வரை, எதையும் மாற்றத் தயார். நாவலே மாறினாலும் சரி.

2. எஞ்சின்ரூம்

நான் கப்பல்காரன், உயிரியல் தெரியாது, எரிபொருள் கணக்கு தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

கிளைபர் விதி என்று ஒன்று உண்டு. பாலூட்டி, பறவை மாதிரி வெப்ப ரத்தப் பிராணி சும்மா படுத்துக் கிடக்கவே ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று அது சொல்லும். எடையின் முக்கால் அடுக்கு, பெருக்கல் 70. 5,000 கிலோவுக்குச் சுமார் 42,000 கிலோ கலோரி வருகிறது. வேலை செய்யும் உடம்பு என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. ஒரு கிலோ இறைச்சிக்கு 1,500 கிலோ கலோரி என்று தாராளமாக வைத்தாலும் தினம் 80 கிலோவுக்கு மேல் கறி. ஒரு ஆட்டில் 15 கிலோ கறி தேறினால் தினம் ஐந்தாறு ஆடு, வருடத்துக்கு 2,000. ஒரு டிராகனுக்கு!

உங்கள் அரசனிடம் பத்து டிராகன் இருந்தால் அவன் அரசன் இல்லை, ஆட்டு வியாபாரி.

அடுத்தது பறப்பது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. கலிலியோ 1638-லேயே எழுதிவைத்த சங்கதி. பறந்த உயிரினங்களிலேயே பெரியவற்றில் ஒன்று கெட்சல்கோட்லஸ். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்பு கிடைத்தது. சிறகு விரித்தால் 10 மீட்டருக்கு மேல், ஆனால் எடை 200 முதல் 250 கிலோ என்றுதான் பலர் கணிக்கிறார்கள். அதையே அப்படியே ஊதிப் பெருக்கி 5 டன் ஆக்கினால் சிறகு 27 மீட்டர் ஆகும். அப்போதும் ஒவ்வொரு சதுர மீட்டர் சிறகும் முன்னைவிட 2.7 மடங்கு பாரம் தாங்க வேண்டும். தரையிலிருந்தே கிளம்பாது.

3. வால்நட்சத்திரம்

டிராகனுக்குப் போஸ்ட்மார்ட்டமா? ஐயா, அது மாயப் பிராணி. மந்திரத்தால் பறக்கிறது, மந்திரத்தால் எரிக்கிறது, முடிந்தது. பேய்க்கதை படிக்கும்போது பேய்க்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? இந்த மாதிரி இழைகளைப் பார்த்தால்தான் நம் ஊரில் ஏன் நல்ல மிகைபுனைவு வரவில்லை என்று புரிகிறது.

4. மலைமேல்மழை

வால்நட்சத்திரம், கோபப்படாதீர்கள். மந்திரம் என்று சொல்லிப் பார்த்தேன். அதன்பிறகு சண்டையில் யார் ஜெயிப்பார் என்பதையும் நானே இஷ்டத்துக்கு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சுவாரசியமே போய்விடுகிறது. எஞ்சின்ரூம் அண்ணா சொன்ன ஆட்டுக் கணக்கைப் படித்ததும் ஒரு பஞ்ச காலத்து அத்தியாயமே மனதில் ஓடியது.

5. உடும்புப்பிடி

ஊர்வன ஆராய்ச்சி மாணவன். எஞ்சின்ரூம் சாரின் கணக்கில் ஒரு இடத்தில் கை வைக்கிறேன். அவர் டிராகனை வெப்ப ரத்தப் பிராணி என்று எடுத்துக்கொண்டார். ஊர்வனவற்றுக்கு அதே எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு உணவு போதும். அப்போது வருடம் 200 ஆடு. இன்னும் அதிகம்தான், ஆனால் நடக்கிற காரியம்.

நிஜ டிராகனைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமே. கொமோடோ டிராகன் நம் ஊர் உடும்பின் பெரிய அண்ணன், ஒரே பேரினம். இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் என்று சில தீவுகளில் மட்டும். நீங்கள் சொன்ன எரிமலைத் தீவுக்கூட்டம் ஏறக்குறைய அதுவேதான். வெளியுலக அறிவியலுக்கு 1912-ல்தான் அறிமுகமானது. மூன்று மீட்டர் வரை வளரும். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கும், அப்புறம் வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கும். மாதம் ஒரு வேட்டை கிடைத்தால்கூட ஓட்டிவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி அதன் குழந்தைப் பருவம். செப்டம்பர் வாக்கில் சுமார் 20 முட்டை. எட்டு மாதம் வரை மண்ணுக்குள். ஏப்ரலில் குஞ்சு வெளியே வந்த அடுத்த நிமிடம் மரம் ஏறுகிறது. ஏன்? பெரியவை தின்றுவிடும். பெரிய கொமோடோவின் சாப்பாட்டில் சுமார் பத்து சதவீதம் சொந்த இனத்துக் குட்டிகள் என்கிறார்கள். குட்டி நான்கைந்து வருடம் மரத்தில் பல்லி, பூச்சி, முட்டை தின்று வளர்கிறது. உடம்பு கனத்து மரம் தாங்காத நாளில்தான் இறங்கும். பெரியவை கூடியிருக்கும் இரைக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால், இரையின் குடலிலிருந்து வந்த சாணத்தில் புரண்டுவிட்டுப் போகும், நாற்றத்துக்குப் பயந்து பெரியவை கடிக்காது என்று.

குட்டிக்கும் கிழத்துக்கும் ஊரே வேறு, உணவே வேறு. உங்கள் டிராகனுக்கு இது ஒன்று போதும் என்பேன். சின்ன வயதில் ஒரு பிராணி, பெரிய வயதில் வேறொரு பிராணி.

6. கடுக்காய்

//சின்ன வயதில் ஒரு பிராணி, பெரிய வயதில் வேறொரு பிராணி//

அப்படியானால் ஈசல் மாதிரி வைத்தால் என்ன? மழை பெய்த மறுநாள் சாயங்காலம் புற்றிலிருந்து கிளம்பும், கொஞ்ச நேரம் பறக்கும், இறகை உதிர்க்கும், ஜோடியாக மண்ணுக்குள் போகும். அதில் ஒன்று ராணியாகி நகரக்கூட முடியாமல் பெருத்து வருடக்கணக்கில் முட்டை போடும். காலையில் வாசல் பெருக்கும்போது இறகுக் குப்பையைப் பார்க்காத தமிழன் இருக்க முடியாது.

250 கிலோ வரை பறக்கட்டும். அதற்குமேல் கனத்தால் சிறகு உதிரட்டும். ஐந்து டன் கிழம் தரையில் கிடக்கட்டும். எஞ்சின்ரூமும் ஜெயித்தார், கதாசிரியரும் ஜெயித்தார்.

7. எஞ்சின்ரூம்

அட! கணக்கு உதைக்கவே இல்லை. ஆனால் அரசன் ஏறுவது? 250 கிலோ பிராணிமேல் 80 கிலோ அரசனும் 20 கிலோ கவசமும் ஏறினால் விழும். குதிரைப் பந்தய ஜாக்கி மாதிரி எலும்பும் தோலுமான பையன்களைத்தான் ஏற்ற முடியும்.

8. மலைமேல்மழை

கடுக்காய், எந்தத் திசையிலிருந்து வந்தீர்கள் நீங்கள்! அரசன் ஏறவே முடியாது, 30 கிலோ பையனைப் பட்டினி போட்டு ஏற்றுகிறார்கள் என்றால் என் கதாநாயகன் அரசன் இல்லை, அந்தப் பையன். 14 அத்தியாயம் குப்பையில். பரவாயில்லை.

நெருப்புக்கு வாருங்கள். மாட்டு வயிற்றில் மீத்தேன் இருக்கிறதே, அதை வைத்துச் சரிக்கட்டலாமா?

9. மாட்டு டாக்டர்

25 வருடமாகக் கால்நடை மருத்துவம். தம்பி, மாடு மீத்தேனைப் பெரும்பாலும் ஏப்பமாகத்தான் விடும், பின்பக்கமாக இல்லை. ஒரு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை. கேட்கப் பெரிதாக இருக்கும். 300 லிட்டர் மீத்தேனை எரித்தால் வரும் சூடு சுமார் மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு முழு மாடு, ஒரு முழு நாள், அரை லிட்டர் பெட்ரோல்கூடத் தேறாது! அதையும் 300 லிட்டர் பலூனாக வயிற்றில் சுமக்க வேண்டும். வயிறு உப்பிய மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நுரையீரலை அழுத்தி ஒரு மணி நேரத்தில்கூடச் செத்துவிடும். உங்கள் டிராகன் சண்டைக்குப் போகும் முன் நான் அதன் விலாவில் ட்ரோக்கார் (வாயுவை வெளியேற்றும் குழாய் ஊசி) குத்த வேண்டிவரும்.

வாயு வேண்டாம். திரவம் பாருங்கள்.

10. வால்நட்சத்திரம்

வெடிகுண்டு வண்டு (bombardier beetle) இருக்கிறதே? வயிற்றில் இரண்டு ரசாயனம் கலந்து கொதிக்கக் கொதிக்கப் பீய்ச்சும். (கோபம் போய்விட்டது. ஈசல் எனக்குப் பிடித்தது.)

11. உடும்புப்பிடி

வாங்க வாங்க. வண்டு நல்ல உதாரணம்தான். ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு அறையில், நொதி இன்னொரு அறையில், இரண்டும் சேர்ந்ததும் சுமார் 100 டிகிரியில் பீய்ச்சும், அதுவும் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான சிறு வெடிப்புகளாக. ஆனால் அது வெந்நீர், நெருப்பு இல்லை.

அடுத்து யாராவது கொமோடோவின் பல்லில் இரும்பு இருக்கிறதே, உரசினால் பொறி வருமே என்பீர்கள் என்று தெரியும். 2024-ல் வந்த ஆய்வு அது. பல்லின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் படிவு உண்மைதான். ஆனால் உலோக இரும்பு இல்லை, துரு வகை. துருவில் பொறி வராது. அந்த விளிம்பு கூர்மையும் உறுதியும் கெடாமல் இருப்பதற்கானது.

12. ஆனைச்சாத்தன்

பறவை பார்க்கிறவன். மாட்டு டாக்டர் "திரவம் பாருங்கள்" என்றதும் துள்ளி எழுந்தேன்.

வட அட்லாண்டிக்கில் ஃபுல்மர் என்று ஒரு கடற்பறவை. பார்க்கக் கடற்காகம் மாதிரி அப்பாவியாக இருக்கும். மீனும் கூனியும் தின்று, அதன் கொழுப்பை மட்டும் பிரித்து இரைப்பையில் எண்ணெயாகச் சேர்த்துவைக்கும். குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு, நீண்ட பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. அந்த எண்ணெயின் சக்தி கிட்டத்தட்ட டீசலுக்குப் பக்கத்தில் வரும். கூட்டுக்குப் பக்கத்தில் யாராவது போனால் பொசுக்கென்று முகத்தில் துப்பும், குஞ்சு உட்பட. கழுகின் இறகில் பட்டால் இறகு ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் செத்துவிடும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவில் இருந்த மக்கள் (1930-ல் தீவையே காலி செய்துவிட்டார்கள்) இந்த எண்ணெயை எடுத்து விளக்கு எரித்தார்கள்.

விளக்கு எரிக்கிற எண்ணெயைத் துப்புகிற பறவை நிஜமாகவே இருக்கிறது! உங்கள் தீவில் ஆட்டைவிட மீன்தானே அதிகம்? டிராகனைக் கடற்கரைக்கு அனுப்புங்கள். ஆட்டுக் கணக்கும் தீரும், எண்ணெயும் கிடைக்கும்.

இன்னொன்று. கொமோடோ பல சமயம் முட்டையிடுவது தான் தோண்டிய குழியில் இல்லை, மேடு கட்டும் கோழி ஒன்று விட்டுப்போன மேட்டில். மெகாபோடு என்ற குடும்பம். இலைச்சருகும் மண்ணும் குவித்து, அது மக்கும் சூட்டில் முட்டையைப் பொரிக்கவிடும், அடைகாக்காது. நம் நிக்கோபாரிலும் ஒரு இனம் உண்டு, 2004 சுனாமியில் கடலோர மேடுகள் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போயின. ஆஸ்திரேலியாவின் மல்லிக்கோழியில் சேவல் தினமும் மேட்டுக்குள் அலகை விட்டுச் சூடு பார்த்து, மண்ணைக் கூட்டிக் குறைத்து 33, 34 டிகிரியிலேயே வைத்திருக்கும். குஞ்சு மேட்டைப் பிளந்துகொண்டு தானே வெளியே வரும், ஒரு நாளுக்குள் பறக்கும். அப்பா அம்மா யாரென்றே தெரியாது.

தரையில் கிடக்கும் கிழ டிராகனுக்கு இதுதான் வேலை. மேடு காப்பது.

13. எஞ்சின்ரூம்

ஆனைச்சாத்தன் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் மீன்தூள்.

கப்பலில் மீன்தூள் ஏற்றுவது எங்களுக்குத் தலைவலி. மீன் எண்ணெய் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும், சூடாகும், சூடான பிறகு இன்னும் வேகமாக இழுக்கும். நடுக் குவியலில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ரசாயனம் கலக்காத சரக்கை ஏற்ற மாட்டோம், பயணம் முழுக்க வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். மரவேலைப் பட்டறையில் லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் ராத்திரி எரிவதும் இதே கதை. வைக்கோலை ஈரத்தோடு போர் அடுக்கினால் உள்ளே கை வைக்க முடியாமல் கொதிப்பது ஊரில் பார்த்திருப்பீர்கள். அதை நுண்ணுயிர் ஆரம்பித்துவைக்கிறது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். சருகு மேடு, மீன் தின்கிற பிராணி, இரைப்பையில் எண்ணெய். குளிர் மழைக்காலத்தில் சருகு மக்குவது மந்தமாகிவிடும், மேடு ஆறிப்போகும். கிழம் கொஞ்சம் எண்ணெயைக் கக்கிச் சருகில் கலக்கும். மேடு சூடேறும். அளவு மிஞ்சினால் மேடு பற்றிக்கொள்ளும்.

டிராகனுக்கு நெருப்பு சண்டைக்கு இல்லை. அடைகாக்க!

14. கடுக்காய்

அப்போது வாயிலிருந்து தீ வருவது?

15. ஆனைச்சாத்தன்

ஃபுல்மர் மாதிரிதான். முட்டை திருட வருகிறவன் முகத்தில் எண்ணெயைப் பீய்ச்சும். முட்டைத் திருடன் எப்போது வருவான்? ராத்திரி. கையில் என்ன இருக்கும்?

16. கடுக்காய்

தீப்பந்தம்!!

திருவிழாவில் வாய் நிறைய மண்ணெண்ணெய் வைத்துப் பந்தத்தின்மேல் ஊதுவார்களே, அதேதான். ஊதுகிறவன் வாயில் நெருப்பில்லை. நெருப்பைக் கொண்டுவந்தது மனிதன். தப்பி வந்தவன் ஊரில் போய் "அது நெருப்பைக் கக்குது" என்பான்.

17. மலைமேல்மழை

ஐந்து நிமிடம் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்தேன். அரசன் படை இதைத் தெரிந்துகொண்டபின் பறக்கும் இளசுகளுக்கு மீன் எண்ணெய் ஊட்டி, ஏறுகிற பையன் கையில் பந்தத்தைக் கொடுப்பான். பையன்கள்தான் எரிவார்கள்.

18. பழஞ்சுவடி

கொஞ்சம் தாமதமாக வந்தேன். பழைய நம்பிக்கைகளிலும் டிராகனுக்கு வாழ்க்கைச் சுழற்சி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது: நீர்ப்பாம்பு 500 வருடத்தில் ஜியாவ் (ஒரு வகை நீர் டிராகன்) ஆகும், அது 1,000 வருடத்தில் லோங் (முழு டிராகன்) ஆகும், இன்னும் 500 வருடத்தில் கொம்பு முளைக்கும், இன்னும் 1,000 வருடம் போனால் சிறகு வரும். கொரியாவிலும் இமுகி என்ற பெரும்பாம்பு ஆயிரம் வருடம் தவம் கிடந்தால்தான் டிராகன். கவனியுங்கள், கிழத்துக்குத்தான் சிறகு. உங்கள் ஈசல் கணக்கு நேர் தலைகீழ். எனக்கு உங்களுடையதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் கதைக்குள் ஒரு சாமியார் சீனத்து வரிசையை நம்பட்டும். கிழத்துக்குச் சிறகு முளைக்கும் என்று காத்திருக்கட்டும்.

ஸ்லோவேனியாவில் மழை வெள்ளத்தில் குகைக்குள்ளிருந்து வெளிறிய, கண்ணில்லாத ஒரு பிராணி அடித்துக்கொண்டு வரும். டிராகன் குட்டி என்று ஊரார் நம்பியதை 1689-லேயே வால்வசோர் என்ற அறிஞர் பதிவு செய்திருக்கிறார். அது ஓல்ம், குகைவாழ் நீர்நில வாழ்வி. நூறு வருடம் வரை வாழும் என்று கணிக்கிறார்கள், சாப்பாடில்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும். குட்டியைப் பார்த்தவனுக்குத் தாய் எப்படி இருக்கும் என்று தெரியாது. அதுதான் கதை பிறக்கிற இடம்.

நம் பக்கம் வருகிறேன். விஷத்தைச் செலவழிக்காத நாகம் அதை மாணிக்கமாக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். பாம்பு மணியை உமிழ்ந்து அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்பது சங்கப் பாட்டிலேயே வருகிற செய்தி. செலவழிக்காத எண்ணெய் என்ன ஆகும்?

19. மாட்டு டாக்டர்

கெட்டியாகும் ஐயா, வேறென்ன. மாட்டின் பித்தப்பையில் கல் சேரும், அதுதான் கோரோசனை. சித்த மருந்துக்குத் தங்க விலை. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் சேரும் மெழுகுக் கட்டிதான் அம்பர்கிரிஸ், பிடிபட்டால் பேப்பரில் கோடிக்கணக்கில் எழுதுகிறார்களே. முட்டையிட வாய்ப்பில்லாத கிழட்டு டிராகனின் வயிற்றில் எண்ணெய் இறுகி ஒரு மஞ்சள் கட்டி. அரசன் அதற்காகவே கிழங்களை வெட்டுவான். கிழம் போனால் மேடு காப்பது யார்?

20. உடும்புப்பிடி

மேடு காக்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

முதலை, பல ஆமைகள், நியூசிலாந்தின் டுவாட்டாரா (பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் ஊர்வன) இவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த சூடு தீர்மானிக்கும். அமெரிக்க அலிகேட்டரில் 30 டிகிரி என்றால் பெண், 33 என்றால் ஆண். மூன்றே டிகிரி! நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமையில் தலைகீழ், சூடு கூடினால் பெண். டுவாட்டாராவில் சூடு கூடினால் ஆண். அதன் ஒரு சின்னத் தீவில் ஏற்கெனவே ஆண்கள் அதிகமாகி, பெண் குறைந்து, இனமே தேயுமோ என்ற கவலை இருக்கிறது.

டிராகனுக்கு டுவாட்டாரா வழியை வையுங்கள். கிழம் எண்ணெய் விட்டு, மண் தள்ளி, சூடு பார்த்துப் பார்த்து இரண்டையும் பொரிக்கவைக்கும். அரசனுக்குப் பொறுமை ஏது? முட்டையைத் திருடிக் கொல்லன் உலைக்குப் பக்கத்தில் வைப்பான், சீக்கிரம் பொரியட்டும் என்று. பொரியும். நிறையப் பொரியும். எல்லாம் ஆண். ஒரு தலைமுறை வரை யாருக்கும் தெரியாது, கொட்டடி நிறைய டிராகன், ஊரெல்லாம் விழா. அப்புறம் ஒரு வருடம் முட்டை வராது.

21. வால்நட்சத்திரம்

ஐயோ. வில்லன் வேண்டியதே இல்லை.

ஒரு சந்தேகம். கொமோடோ ஆணே இல்லாமல் முட்டையிட்டதே, இங்கிலாந்து உயிரியல் பூங்காவில்? அந்த வழியில் தப்பிக்கலாமா?

22. உடும்புப்பிடி

2006-ல். செஸ்டர் பூங்காவில் ஃபுளோரா என்ற பெண் கொமோடோ. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கொமோடோவில் சூடு இல்லை, குரோமோசோம்தான் பாலைத் தீர்மானிக்கும், பறவை மாதிரி. அப்படித் தனியாகப் பெற்றால் வருவதெல்லாம் ஆண். ஒரு பெண் தனியாகத் தீவில் ஒதுங்கினால் மகனைப் பெற்று, அவனோடு சேர்ந்து வம்சம் தொடங்கலாம். ஆனால் பெண்ணே இல்லாத கொட்டடிக்கு இந்த வழி உதவாது. ஒரே ஒரு பெண்ணாவது எங்காவது மிஞ்ச வேண்டும்.

23. மலைமேல்மழை

இதுவரை சேர்ந்ததை என் உலகத்துக்கு ஏற்றபடி எழுதிப் பார்த்தேன். தவறிருந்தால் அடியுங்கள்.

மேட்டைப் பிளந்து வரும்போது குட்டி நான்கைந்து கிலோ. மரத்தில் ஏறி, விலாச் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் மாதிரி. கிழங்கள் கண்ணில் படாமல் பத்து வருடம். பிறகு சிறகு தேறி, கடலுக்குப் போய் மீன். 40 வயதுவரை பறக்கும் பருவம். இருநூற்றைம்பது கிலோ தாண்டியதும் ஒரு மழைக்காலத்தில் தரையிறங்கும், சிறகுச் சவ்வு காய்ந்து உரிந்து விழும். கிராமத்தார் அதைப் பொறுக்கிப் படகுக்குப் பாய் தைப்பார்கள். பிறகு நூறு, இருநூறு வருடம் கரையோரத்தில் கிடந்து, ஒதுங்கும் திமிங்கலமும் கடற்சிங்கமும் தின்று, மேடு காக்கும்.

இரண்டு கேள்வி. முட்டையை இன்னும் பெரிதாக்கலாமா? 300 வருடம் நம்பும்படி இருக்கிறதா?

24. உடும்புப்பிடி

முட்டை பெரிதாக ஆக ஓடு தடிமனாக வேண்டும், தடித்தால் உள்ளே காற்று போகாது, குஞ்சால் உடைக்கவும் முடியாது. மடகாஸ்கரின் யானைப் பறவை முட்டைதான் நமக்குத் தெரிந்த பெரிய முட்டைகளில் ஒன்று, ஒரு அடி நீளம், உள்ளே எட்டு லிட்டருக்கு மேல். குட்டி நான்கைந்து கிலோ சரியாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து டன் என்றால் ஆயிரம் மடங்கு. பெரிய டைனோசர்கள் அதைவிட அதிகமாகவே வளர்ந்தன. டி-ரெக்ஸ் விடலைப் பருவத்தில் தினம் இரண்டு கிலோ ஏறியது என்று எலும்பு வளையத்தை எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு 30 வயதே அபூர்வம். வேகமாக வளர்ந்தது சீக்கிரம் சாகும். உங்களுடையது நிதானமாக வளர்வதால் சரி.

300 வருடத்துக்குச் சாட்சி கிரீன்லாந்து சுறா. 2016-ல் கண் வில்லையை வைத்துக் கணித்ததில் பெரியது ஒன்றுக்கு 400 வருடத்தை ஒட்டி வந்தது, கூடக்குறைய 120 வருடம் பிழைக்கு இடம் விட்டு. அது பருவத்துக்கு வரவே 150 வருடம் ஆகுமாம். குளிர்ந்த நீர், மந்தமான உடம்பு. டுவாட்டாராவும் நூறைத் தாண்டும். ஹென்றி என்ற ஒன்று 2009-ல் 111 வயதில் அப்பா ஆனது!

25. மாட்டு டாக்டர்

எல்லாம் சரி, யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை. கதை எழுதுகிறவர் முதல் பதிவிலேயே கேட்டிருந்தார். ஐந்து டன் உடம்பு, வயிற்றில் நூறு இருநூறு லிட்டர் எண்ணெய், மேட்டின்மேல் செத்துக் கிடக்கிறது. யார் அப்புறப்படுத்துவார்கள்? செத்த யானையைப் புதைக்கவே ஜேசிபி வேண்டும்.

26. எஞ்சின்ரூம்

டாக்டர் சார், அதற்கு ஆளே வேண்டாம். வயிறு அழுகி வெடிக்கும், எண்ணெய் சருகில் ஊறும், மேலே உடம்பு போர்வை மாதிரி மூடியிருப்பதால் சூடு வெளியேறாது. மீன்தூள் கிடங்கேதான். நாலைந்து நாளில் உள்ளுக்குள் கனிய ஆரம்பிக்கும்.

27. ஆனைச்சாத்தன்

கடைசியாக இட்ட முட்டைகள் அதே மேட்டில் இருந்தால்?

28. உடும்புப்பிடி

நடுவில் இருப்பது வெந்துவிடும். அதைச் சுற்றிய வளையத்தில் இருப்பது பிழைத்தால் ஆண். வெளி ஓரத்தில், ஈர மண்ணுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஒன்றிரண்டு மட்டும் பெண்.

29. மலைமேல்மழை

கொட்டடி ஆணால் நிறைந்திருக்கிறது. தீவிலேயே கடைசிக் கிழம் ஒதுக்குப்புறமான ஒரு மேட்டில் செத்துக் கிடக்கிறது, எட்டு நாளாகப் புகைகிறது. ஏறும் பையன்களில் ஒருவன் கொட்டடியிலிருந்து ஓடிப்போய் அந்தப் புகையைப் பார்த்துப் போகிறான். பசி. முட்டை கிடைத்தால் தின்னலாம் என்றுதான் போகிறான். நடுவில் தோண்டுகிறான், கை சுடுகிறது, வெந்த முட்டை. தின்கிறான். இன்னும் பசி. ஓரத்துக்கு வருகிறான்.

இதுதான் முதல் அத்தியாயம். நாளைக் காலை உட்காருகிறேன்.

30. கடுக்காய்

ஓரத்து முட்டையைத் தின்றுவிட்டானா இல்லையா? அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

31. மாட்டு டாக்டர்

எட்டு நாள் அழுகிய ஐந்து டன் மீன் தின்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவனும் முட்டை தின்ன மாட்டான், எவ்வளவு பசி இருந்தாலும். முதலில் அவன் மூக்கில் எதையாவது தேய்த்துவிடுங்கள். நாங்கள் கிராமத்தில் செத்த மாட்டை அறுக்கும்போது மூக்கில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வோம்.